விறகு காயட்டும்

மார்ச் 29, சனி

காலையில் பக்கத்து வீட்டு ஓட்வார் டிராக்டரில் வந்து, ஒவ்வொரு வசந்தத்திலும் செய்கிறதுபோல எங்கள் முற்றத்தில் பேர்ச் மரக் குற்றிகளைக் கொட்டிவிட்டுப் போனார். ஒரு மலையளவு கிடக்கிறது. "இந்த வருசம் வேண்டாமெண்டு சொல்ல மறந்துபோனன்" என்று இவரிடம், என் மனுசனிடம், சொன்னேன். போன வாரம் கடைவாசலில் ஓட்வார் கேட்டபோது "வழமைபோலக் கொண்டுவாங்கோ" என்று தலையாட்டியது நான்தான். ஏன் ஆட்டினேனோ தெரியாது. முதியோர் இல்லத்தில் பகல் முழுக்க ஆட்களைத் தூக்கி இருத்திவிட்டு வருகிறவளுக்குத் தலை தன்பாட்டில் ஆடும்.

இந்த வட நோர்வேயில் விறகை வசந்தத்திலேயே கொத்தி அடுக்கிவிட வேண்டும். கோடை முழுக்கக் காய்ந்தால்தான் அடுத்த குளிருக்கு எரியும். அடுத்த குளிருக்கு நாங்கள் இங்கே இருப்போமா என்பதே கேள்வி. ஒக்ரோபரில் இவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கால் ஒருமாதிரித் தேறிவிட்டது, வலது கை தேறவில்லை. விரல்கள் மடங்கி, உணர்ச்சியில்லாமல், கழுத்தில் மாட்டிய பட்டிக்குள் கிடக்கிறது.

பின்னேரம் மகள் நிலானி ஒஸ்லோவிலிருந்து போன் எடுத்தாள். அதே கதைதான். வீட்டை விற்றுவிட்டு வாருங்கள், தன் வீட்டுக்குப் பக்கத்தில் லிப்ட் வைத்த மாடி வீடு இருக்கிறது, கோயில் கிட்ட, ஆஸ்பத்திரி கிட்ட. இவர் போனை என்னிடமிருந்து பறித்தார்.

"உன்ரை மே பதினேழாம் திகதிக் கொண்டாட்டத்துக்கு இஞ்சை வருவாய்தானே? அதுக்குள்ளை உந்த விறகு முழுக்கக் கொத்தி முடிப்பன். முடியாட்டி நீ சொல்லுற இடத்திலை வந்து கையெழுத்து வைக்கிறன்."

எந்தக் கையால் வைப்பார் என்று நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

எனக்கென்றால் நாளைக்கே போகச் சொன்னாலும் சரிதான். இந்தப் பனியும் இருட்டும் எனக்கு அலுத்துப் போய்விட்டது.

மார்ச் 31, திங்கள்

திரும்பவும் பனி. குற்றிகள் எல்லாம் மூடிக்கிடக்கின்றன. நல்லது, கண்ணில் படாமல் இருக்கட்டும்.

ஏப்ரல் 2, புதன்

வேலையால் வந்தேன். கோடாலி வேலிக்கு அந்தப் பக்கம், ஓட்வாரின் பனிக்குள் செருகிக்கொண்டு நிற்கிறது. இவர் கதிரையில் இருந்து பத்திரிகை பார்க்கிறார், தலைகீழாக.

"என்னப்பா நடந்தது?"

"ஒண்டுமில்லை. கை வழுக்கிட்டுது."

இடக்கையால் வீசியிருக்கிறார். பிறகு ஓட்வார் கோடாலியைக் கொண்டுவந்து வாசலில் சாத்திவிட்டு, இன்று காற்று அதிகம் என்று சொல்லிவிட்டுப் போனார். காற்றே இல்லை. கோடாலியை எடுத்து என் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். கோதாரி, யாருடைய மண்டையாவது போயிருந்தால்?

ஏப்ரல் 5, சனி

மின்சாரத்தில் விறகு பிளக்கும் மெசின் ஒன்று வாங்குவதென்று முடிவெடுத்தேன். இவருக்காக இல்லை. குற்றிகள் அப்படியே கிடந்தால் வீடு பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

நாள் முழுக்க அந்தக் கைக்கணினியைத் தடவித் தடவிப் பார்த்ததில் கண் எரிகிறது. மெசினில் இரண்டு சாதி. ஒன்று படுத்திருக்கும், மற்றது நிமிர்ந்து நிற்கும். படுத்திருப்பது சிறியது, மலிவு, தூக்கி வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு குற்றிக்கும் குனிய வேண்டும். முதியோர் இல்லத்தில் குனிகிற குனிவு எனக்குப் போதும். நிமிர்ந்து நிற்பதற்குத் தள்ளிக்கொண்டு போகச் சில்லு இருக்கிறது, குற்றியை இடுப்பளவு மேடையில் வைத்தால் மேலிருந்து இரும்பு ஆப்பு இறங்கிப் பிளக்கும். எத்தனை தொன் அழுத்தம் என்று ஆளாளுக்குச் சண்டை பிடித்து எழுதியிருக்கிறார்கள். ஒருத்தன் ஐந்து காணும் என்கிறான், மற்றவன் எட்டுக்குக் குறைந்தால் முடிச்சுக் குற்றியில் நின்றுவிடும் என்கிறான். பெற்றோல் மெசின் இரைச்சல், புகை. வீட்டுக் கரண்டில் ஓடுகிறது போதும். நிற்கிறது, ஏழு தொன்.

நிலானிக்குச் சொன்னேன்.

"விக்கப் போற வீட்டுக்கு மெசினோ அம்மா?"

"விறகு கொத்தி அடுக்கியிருந்தால் வீட்டுக்கு நல்ல விலை வரும் பிள்ளை."

அவள் அடுத்த கேள்வி கேட்க முன், நான் சாம்பாரை இறக்க வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இவர் இப்போது என்னோடு இருந்து சாப்பிடுவதில்லை. சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். இடக்கையால் சாப்பிடுவதை நான் பார்க்கக் கூடாதாம். கரண்டி கொடுத்தால், "நான் என்ன வெள்ளைக்காரனே, சோத்தைக் கரண்டியாலை தின்ன?" என்று பாய்கிறார். கோப்பை திரும்பி வரும்போது வலப்பக்கச் சோறு அப்படியே இருக்கும். வேண்டாமென்று வைக்கிறதில்லை. வலப்பக்கத்தில் இருப்பது இவர் கண்ணுக்கு இப்போது சரியாகப் படுவதில்லை என்று டொக்டர் சொன்னார். கோப்பையைத் திருப்பி வைத்தால் மிச்சத்தையும் சாப்பிடுவார். ஆனால் திருப்பி வைக்க நான் உள்ளே போகக் கூடாதே! கதவுக்கு வெளியே நின்று புறுபுறுக்கத்தான் என்னால் முடிகிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

மெசின் வந்துவிட்டது. கொண்டுவந்த பொடியன் முற்றத்தில் இறக்கிவிட்டுப் பறந்துவிட்டான். பெட்டியைக் கிழித்து, சில்லுப் பூட்டி, ஆணி முறுக்கி முடிக்கப் பின்னேரமாகிவிட்டது. இவர் பக்கத்தில் நின்று இடக்கையால் ஒவ்வொரு ஆணியாக எடுத்துத் தந்தார். கனகாலத்துக்குப் பிறகு முகத்தில் ஒரு தெளிச்சி. "உது மற்றப் பக்கம், பாரும்" என்று எனக்கு அதிகாரம் வேறு.

பிறகு கரண்டைக் கொடுத்தோம். இவர் இடப்பக்கப் பிடியை அமத்தினார். ஆப்பு அசையவில்லை. திரும்பவும் அமத்தினார்.

மெசினுக்கு இரண்டு பிடி. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அமத்தினால்தான் ஆப்பு இறங்கும். ஒன்றை விட்டாலும் மேலே போய்விடும். இரண்டு கையும் பிடியில் இருந்தால் கை ஆப்புக்குள் போகாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். நான் இதை வாசித்தேன். நல்ல பாதுகாப்பு என்று சந்தோசப்பட்டும்கொண்டேன். யாருடைய கை என்று யோசிக்கவில்லையே, மரமண்டை!

இவர் பிடியை விட்டார். மெசினில் ஒட்டியிருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதில் ஒரு ஆள் நிற்கிறான். பக்கத்துப் படத்தில் இரண்டு பேர் நிற்க, குறுக்கே சிவப்புக் கோடு. பிறகு உள்ளே போய்விட்டார்.

ஏப்ரல் 14, திங்கள்

வருசப்பிறப்பு. லீவு எடுத்தேன். குளித்து, பொங்கி, சாமிப் படங்களுக்கு விளக்கு வைத்தேன். ஒவ்வொரு வருடமும் இவர் வலக்கையால் எனக்கு வெற்றிலையில் காசு வைத்துக் கைவிசேஷம் தருவார். இங்கே வெற்றிலைக்கு எங்கே போவது, முட்டைக்கோவா இலையில் வைத்துத் தருவார். இன்று காசை இலையில் வைத்து நானே பக்கத்தில் வைத்தேன். இவர் பட்டிக்குள் கிடந்த கையைப் பார்த்தார்.

"இடக்கையாலை குடுக்கிறதே? விடும்."

"அதிலை என்னப்பா கிடக்கு?"

"விடும் எண்டுறன்."

விட்டேன். காசு மேசையிலேயே கிடக்கிறது.

நல்ல நேரம் போக முன் மெசினுக்குத் திருநீறு பூசி, குங்குமம் வைத்து, முதல் குற்றிக்குப் பதிலாக மேடையில் ஒரு தேசிக்காயை வைத்து இரண்டு பிடியையும் அமத்தினேன். கார் வாங்கினால் சில்லுக்கடியில் வைக்கிறோம்தானே? ஆப்பு ஆடி அசைந்து இறங்கித் தேசிக்காயைச் சப்பையாக்கியது. ஏழு தொன் அழுத்தத்தில் ஒரு தேசிக்காய். வேலிக்கு அந்தப் பக்கம் ஓட்வார் கோப்பியோடு நின்று பார்த்தார். மெசின் வேலை செய்கிறதா என்று பார்த்தீர்களா என்று கேட்டார். ஓம் என்றேன். கொடுப்புக்குள் சிரித்துக்கொண்டு போனார்.

பிறகு முதல் குற்றி. டக்கென்று வெடித்து இரண்டாகியது. யன்னலைத் திரும்பிப் பார்த்தேன். இவர் திரைச்சீலையை இழுத்துவிட்டார்.

ஏப்ரல் 19, சனி

வெளியே இருக்கிற பிளக்கில் கொடுத்தால் பியூஸ் போகிறது. ஆகவே தடித்த வயர் ஒன்று வாங்கி, குசினி யன்னலால் உள்ளே எடுத்து, கேத்திலுக்குப் பக்கத்துப் பிளக்கில் கொடுத்திருக்கிறேன். யன்னல் பூட்டாது. குசினி முழுக்கக் குளிர். இவர் அந்த யன்னலடியில் கம்பளியைப் போர்த்துக்கொண்டிருந்து எனக்குப் பாடம் எடுக்கிறார்.

"முடிச்சு மேலை வரக் கூடாது. திருப்பி வையும்."

"தெரியும்."

"தெரிஞ்சால் ஏன் இறுகினது?"

இறுகித்தான் விட்டது. ஆப்பு குற்றிக்குள் செருகி, குற்றி ஆப்போடு சேர்ந்து மேலே போய்விட்டது. சுத்தியலால் தட்டித் தட்டிக் கழற்றினேன். முதுகு விண் விண் என்கிறது. வேலையால் வந்து, சமைத்து, பிறகு இது. எட்டு மணிக்கும் வெளிச்சமாகக் கிடக்கிறபடியால் இருட்டிவிட்டது என்று சாட்டுச் சொல்லவும் வழியில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

களைப்பு. குற்றிகள் குறையவே இல்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

நிலானி எடுத்தாள். இவர்தான் பேசினார்.

"ஓம் பிள்ளை, விறகு நடக்குது. அம்மா கொத்துறா. நான் பாத்துக்கொண்டிருக்கிறன்." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "உந்த மாடி வீட்டைப் பேசு. வாறம்" என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. போனை வைத்தபின் கேட்டேன்.

"என்ன திடீரெண்டு?"

"பொம்பிளை விறகு கொத்த, ஆம்பிளை யன்னலுக்காலை பாக்கிறான். ஊருலகம் சிரிக்கும். உமக்கும் போகத்தானே விருப்பம்? நாளைக்கே போகலாமெண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பீர்."

சொன்னதுதான். அதையே நான் கேட்டேன், அதுவே கிடைத்தது. சந்தோசம்தான் வர வேண்டும். எனக்கு வந்தது கோபம். வெளியே போய் ஒரு குற்றியும் பிளக்காமல் மெசினுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வந்தேன்.

மே 1, வியாழன்

வீட்டுத் தரகர் எடுத்தார். குளித்துக்கொண்டிருந்தேன் என்று பிறகு சொன்னேன். குளிக்கவில்லை.

மே 3, சனி

இதை எழுதவே கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

மத்தியானம், அடுப்பில் பருப்பு பொங்குகிறதே என்று மெசினை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்தேன். பருப்பை இறக்கும்போது மெசின் இரைகிறது. யன்னலால் பார்த்தால் இவர் நிற்கிறார். கழுத்தில் பட்டி இல்லை. அந்தப் பட்டியால் வலப்பக்கப் பிடியை அமத்தி மெசின் காலோடு கட்டியிருக்கிறார். ஒற்றைக் கையாலும் பல்லாலும் முடிச்சுப் போட்டிருக்க வேண்டும். இடக்கை இடப்பக்கப் பிடியில். வலக்கை குற்றியின் மேல்.

ஆப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது.

கத்தினேன். மெசின் இரைச்சலில் கேட்கவில்லை. இவர் இடப்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வலப்பக்கம் கண்ணுக்குப் படாது. அந்தக் கையில் உணர்ச்சியும் இல்லை. ஓடிப் போக நேரமில்லை. கேத்தில் பக்கத்துப் பிளக்கைப் பிடுங்கினேன். கேத்தில் விழுந்து உடைந்தது.

மெசின் நின்றது. இவர் யன்னலைப் பார்த்துச் சத்தம் போடுகிறார்.

"ஏன் நிப்பாட்டினீர்? எனக்கு ஒண்டும் செய்யேலாதெண்டு நினைச்சீரோ?"

வெளியே ஓடினேன். ஆப்பு இவருடைய விரல்களைத் தொடாத குறையாக நின்றது. நான் கையைத் தூக்கி இவர் முகத்துக்கு முன்னால் பிடித்துக் காட்டினேன். அப்போதுதான் கண்டார். வேறு யாருடையதோ கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அதன்பிறகு நான் பேசிய பேச்சை இங்கே எழுத மாட்டேன். ஓட்வார் தன் வீட்டுக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

மே 4, ஞாயிறு

ஒன்றுமில்லை. கேத்தில் வாங்க வேண்டும்.

மே 6, செவ்வாய்

மூன்று நாள் போனது. இன்றைக்குத்தான் கேட்டேன்.

"என்னத்துக்கப்பா அந்தக் கையைக் கொண்டுபோய் அங்கை வைச்சனீங்கள்?"

இவர் அந்தக் கையை இடக்கையால் தூக்கி மடியில் வைத்தார்.

"வலது கை படாமல் ஒரு வேலை தொடங்கக் கூடாதெண்டு வைச்சன். முதல் குற்றியெல்லே எனக்கு." இடக்கையை மேசையில் ஓங்கி வைத்தார். "சோறும் இடக்கையாலை. திருநீறும் இடக்கையாலை. இதையும் இடக்கையாலை தொடங்கச் சொல்லுறீரோ?"

நான் எழும்பிப் போய் இவருடைய கோப்பையைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தேன். "இஞ்சை இருந்து சாப்பிடுங்கோ. இனி அறைக்குள்ளை போனால் கதவைக் கழட்டிப்போடுவன்." இடக்கையால்தான் சாப்பிட்டார், தலையைக் குனிந்துகொண்டு. பாதியில் கோப்பையைத் திருப்பி வைத்தேன். மிச்சத்தையும் சாப்பிட்டார். அழுகை வந்தது, மிளகாய் காரமென்று சொன்னேன்.

மே 8, வியாழன்

நேற்றுப் பட்டியை முடிச்சவிழ்த்துத் தோய்த்துக் காயப் போட்டு, இன்று காலை இவருக்குத் திரும்பவும் மாட்டிவிட்டேன். மெசின் காலில் கட்டினதில் ஒரே எண்ணெய்.

வேலையால் வந்த உடுப்போடேயே முற்றத்துக்குப் போய்க் குற்றியை மேடையில் வைத்தேன். வலப்பக்கம் நின்று வலப்பிடியை என் வலக்கையால் பிடித்தேன்.

"வாங்கோ" என்றேன்.

"எங்கை?"

"இடப்பக்கம். உங்கடை இடக்கையாலை மற்றப் பிடியை அமத்துங்கோ."

வந்து நின்றார். அமத்தப் போனார். "பொறுங்கோ" என்றேன். இவருடைய வலக்கையும் என்னுடைய இடக்கையும் நடுவில் சும்மா இருந்தன. சும்மா இருக்கிற கைதான் ஆபத்து. நான் இவருடைய வலக்கையைப் பட்டியிலிருந்து எடுத்துக் குற்றியில் ஒருதரம் தொட வைத்தேன். "தொடங்கியாச்சு" என்று சொல்லி, அதை என் இடக்கையால் இறுக்கிப் பிடித்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கீழே வைத்துக்கொண்டேன்.

"இப்ப அமத்துங்கோ."

ஆப்பு இறங்கியது. குற்றி வெடித்தது. இவர் சின்னப்பிள்ளைபோலச் சிரித்தார்.

கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில் வெளியில் கையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் நின்றதில்லை. இது வேலைக்காகப் பிடித்தது.

மே 11, ஞாயிறு

ஓட்வார் வந்து மெசினில் இருக்கிற படத்தைக் காட்டினார். இரண்டு பேர், சிவப்புக் கோடு. முப்பது வருடமாக இவரை "ஆருமே" என்றே கூப்பிடுகிறார், அருமைநாயகம் என்ற பெயர் அவர் வாயில் வராது.

"ஆருமே, இது ஒரு ஆளுக்குரிய மெசின்."

"ஒருத்தர் குற்றியைப் பிடிக்க, மற்றவர் ஆப்பை இறக்கினால்தான் பிழை" என்று இவர் நோர்வேஜிய மொழியில் விளக்கினார். "இஞ்சை ஒருத்தர் விட்டாலும் மெசின் நிண்டிடும். மிச்சக் கை ரெண்டும் இவவிட்டை."

ஓட்வார் எங்கள் கைகளைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். வெட்கமாகப் போய்விட்டது, இந்த வயதில்!

தரகர் திரும்பவும் எடுத்தார். இன்று உண்மையிலேயே போன் கேட்கவில்லை, மெசின் ஓடிக்கொண்டிருந்தது.

மே 15, வியாழன்

உடம்பு அடித்துப் போட்டதுபோல. நாளைக்கு நிலானி வருகிறாள். இவர் கடைசிக் குற்றி ஒன்றைக் கொத்த விடாமல் ஒதுக்கி வைத்திருக்கிறார். ஏனென்று கேட்டால், "கிடக்கட்டும்" என்கிறார்.

மே 17, சனி

நோர்வேயின் தேசிய நாள், ஊர் முழுக்கக் கொடி. பிள்ளைகளின் ஊர்வலம் பார்த்துவிட்டு வந்து நிலானி முற்றத்தில் நின்றாள். வீட்டுச் சுவர் நீளத்துக்கு விறகு அடுக்கியிருக்கிறது. இவர் இடக்கையால் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கியது. கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது, ஓட்வாருடையதுபோல இல்லை.

"ஒண்டு மிச்சம் கிடக்கே அப்பா" என்று சொல்லி அவள் மெசினுக்குக் கிட்டப் போனாள். "நான் செய்யட்டோ?"

"தள்ளி நில் பிள்ளை. அது ரெண்டு பேற்றை வேலை. இஞ்சாரும், வாரும்."

போய் என் இடத்தில் நின்றேன். வலப்பிடியைப் பிடித்தேன். வழமைபோல இவருடைய வலக்கையை எடுத்தேன். மடங்கிய விரல்களுக்குள் ஏதோ கட்டியாக இருந்தது. பிரித்துப் பார்த்தால் காசு. வருசப்பிறப்பன்று மேசையில் கிடந்த அதே காசு. இடக்கையால் எடுத்து அந்த விரல்களுக்குள் செருகி, விழாமல் முற்றம் வரைக்கும் கொண்டுவந்திருக்கிறார்.

"வருசத்துக்குத் தராமல் விட்டது" என்றார். "வலக்கையாலை."

பிடியை விட்டுவிட்டேன். நிலானி போனைத் தூக்கிப் படமெடுக்கத் தொடங்கினாள்.

"கையைப் பிடியும்" என்றார் இவர். "பிள்ளை பாத்தால் பாக்கட்டும்."

காசோடு சேர்த்துப் பிடித்தேன். இரண்டு பேரும் அமத்தினோம். கடைசிக் குற்றியும் பிளந்தது.

பிறகு தேத்தண்ணி குடிக்கும்போது நிலானி என்னைத்தான் கேட்டாள், இவரை இல்லை.

"அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ. உங்களுக்கு ஒஸ்லோவுக்கு வரத்தானே விருப்பம்?"

இவர் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரலாம் பிள்ளை" என்றேன். "ஆனால் அவ்வளவு விறகும் பச்சையாயெல்லோ கிடக்கு. அது முதல் காயட்டும்."

"காய எவ்வளவு காலம்?"

"கோடை முழுக்க வேணும்."

"பிறகு?"

"பிறகென்ன, காஞ்ச விறகை ஆருக்கு விட்டிட்டு வாறது? எரிச்சு முடிச்சிட்டுப் பாப்பம்."